சாமியைப் படைச்ச சாமி யாரு?

போன ஞாயிற்றுக்கிழமை என் ஆறு வயது மகள் தலையில் ஒரு குட்டு வாங்கினாள். குட்டியது என் அம்மா. குற்றம்? ஒரே ஒரு கேள்வி!

உச்சிப்புளியில் இருந்துகொண்டு ராமேஸ்வரம் கதை சொல்லாத அப்பத்தா உண்டா? லிங்கம் எடுத்துவரக் கைலாயம் போன அனுமார் வரத் தாமதமாக, சீதாதேவி கடற்கரை மணலைப் பிடித்தே லிங்கம் செய்துவிட்டாளாம். அதுதான் ராமலிங்கம்.

"அப்ப சாமியை சீதை செஞ்சாங்களா? சீதையை யாரு செஞ்சா?"

"சாமிதான்டி."

"அந்தச் சாமியை?"

ணங்!

மறுநாள் காலை, ஆபீசுக்குக் கிளம்பும் முன் டீக்கடை பெஞ்சில் இதைச் சொன்னேன். பற்றிக்கொண்டது!

"கரெக்டாத்தானே கேட்டிருக்கு!" என்றார் கறுப்புச் சட்டை அண்ணன். "எல்லாத்துக்கும் ஒரு காரணம் வேணும்னா கடவுளுக்கும் வேணும். கடவுளுக்கு வேண்டாம்னா உலகத்துக்கும் வேண்டாம். 1927-லயே ரஸ்ஸல் லண்டன்ல பேசியாச்சு."

"'எல்லாத்துக்கும்'னு யாருப்பா சொன்னது?" பாய் டீயை ஆற்றியபடி கேட்டார். "தொடங்கினதுக்குத்தான் காரணம் வேணும். இது இமாம் கஸ்ஸாலி வாதம். அவர் மறைஞ்சதே 1111-ல. இறைவனுக்குத் தொடக்கமே இல்லையே!"

ரிட்டயர்டு வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தார். "நம்ம மெய்கண்டாரும் 13-ம் நூற்றாண்டுல சொல்லியிருக்கார். தோன்றி அழியுற உலகத்துக்கு ஒரு கர்த்தா வேணும். பானைக்குக் குயவன் மாதிரி. ஆனா பதி, பசு, பாசம் மூணுமே அநாதி. குயவன் மண்ணையா படைக்கிறான்?"

"அப்படின்னா உலகமே அநாதின்னு வெச்சுக்கிட்டா என்ன? சமணர்கள் அதைத்தானே சொன்னாங்க?" அண்ணன் விடவில்லை.

"பெட்டியைப் பெட்டி இழுக்கலாம் தம்பி. கடைசியா ஒரு எஞ்சின் வேணுமில்ல?" என்றார் பாய்.

"எஞ்சினுக்கு டிரைவர், டிரைவருக்கு மேல ரயில்வே போர்டு!" என்றார் அண்ணன். கடையே சிரித்தது.

யோசித்துப் பார்த்தால், ரஸ்ஸல் அடி 'எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு' என்பவர் மீதுதான் சரியாக விழுகிறது. 'தொடங்கியதற்கு' என்று திருத்திக்கொண்டவர் தப்பிவிடுகிறார். ஆனால் உலகம் நிஜமாகவே தொடங்கியதுதானா என்று காட்டும் பொறுப்பு அவர் தலையில் ஏறுகிறது. பெருவெடிப்பு நடந்து சுமார் 1,380 கோடி வருஷம் என்கிறது விஞ்ஞானம். அதற்கு முன் ஏதாவது இருந்ததா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆக, சங்கிலிக்கு எங்கே முற்றுப்புள்ளி வைப்பது என்பதில்தான் தகராறே.

ரஸ்ஸலுக்கு இந்தப் பொறி தட்டியது 18 வயதில், ஜான் ஸ்டூவர்ட் மில்லின் சுயசரிதையைப் படித்தபோது. 1873-ல் வெளிவந்த புத்தகம். 'என்னைப் படைத்தது யார் என்று கேட்டால், உடனே கடவுளைப் படைத்தது யார் என்ற கேள்வி வரும்' என்று மில்லுக்குச் சொல்லிக்கொடுத்தது அவர் அப்பா.

சுருக்கென்றது. அந்த அப்பா பேசியிருக்கிறார். நான்? குட்டு விழுந்தபோது பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்!

அன்று ராத்திரி மகளை மடியில் உட்காரவைத்து, மூன்று பேர் சொன்னதையும் சொன்னேன். "யாரு சொன்னது சரி?" என்றாள்.

"அப்பாவுக்குத் தெரியலைடா கண்ணு. நீ பெரியவளாகி யோசிச்சுச் சொல்லு."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்பத்தா தெரிஞ்சு குட்டுனாங்களா, தெரியாம குட்டுனாங்களா?"

அம்மா வெற்றிலைப் பெட்டியைத் தேடுவதுபோல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.