நான்கு பிட்டுகளும் ஒரு புறநடையும்: கையடக்கக் கணினியின் வகைப்பாடு பற்றிச் சில குறிப்புகள்

வகைப்படுத்துதல் மனத்தின் வேலை என்றுதான் பெரும்பாலும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பொருள்கள் வெளியே இறைந்து கிடக்கின்றன. நாம் யோசித்து அவற்றைப் பிரிக்கிறோம். பெட்டி பிறகு வருகிறது. ஆனால் பெட்டி முதலில் வந்து உட்கார்ந்துகொண்டு, எத்தனை விதமாய் யோசிக்கலாம் என்பதை அதுவே தீர்மானித்துவிடுவதும் உண்டு. இதைச் சொல்ல எனக்கு ஒரு சின்னக் கருவி தேவைப்படுகிறது. 1996இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கணினியும் அதன் வழித்தோன்றல்களும். அவற்றில் நிரல்களை எப்படி அடுக்கினார்கள், குறுக்குவழிகளை எப்படி அமைத்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கப்போகிறேன். 'இதுல என்னங்க கோட்பாடு வேண்டிக்கிடக்கு, ஐகானை எங்க வேணும்னாலும் வெச்சுக்கிட்டுப் போகவேண்டியதுதானே' என்றார் ஒரு நண்பர். எங்கே வேண்டுமானாலும் வைக்க முடியாது என்பதுதான் விஷயமே.

பாம் நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி உருவாவதற்கு முன்பே அந்த அளவில் ஒரு மரக்கட்டையை அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை வெளியே எடுத்து, அதில் நாட்குறிப்பைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார். பிரதி எழுதப்படுவதற்கு முன்பே வாசிப்பு நடந்து முடிந்துவிட்டது! இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பாவனைக்குள் ஒரு மனிதன் ஒளிந்திருக்கிறான். அவனுக்குச் சந்திப்புகள் இருக்கின்றன, சட்டைப்பை இருக்கிறது, நேரம் போதவில்லை. அவனைப் பிறகு சந்திப்போம்.

முதலில் வந்த இரண்டு மாதிரிகளின் நினைவகம் 128 கிலோபைட், 512 கிலோபைட். திரை குறுக்கே 160 புள்ளி, நெடுக்கே 160 புள்ளி, கறுப்பு வெள்ளை. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்துக்கு அந்த நினைவகத்தைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும். இந்தப் பஞ்சத்துக்குள் வாழ்வதற்காக அவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். கணினி என்றதும் நாம் நினைக்கும் கோப்புகள், கோப்புறைகள், கோப்புறைக்குள் கோப்புறை என்ற அந்த மரம் இதில் கிடையாது. எல்லாமே தட்டையான பதிவுகளின் தொகுப்பு. ஒரு முகவரி ஒரு பதிவு, ஒரு குறிப்பு ஒரு பதிவு. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பைட் அளவில், அதாவது எட்டு பிட்டுகளில், அதன் தன்மைகள் குறித்துவைக்கப்பட்டன.

அந்த எட்டு பிட்டுகளைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். மேல்பாதி நான்கும் நான்கு கேள்விகள்: அழிக்கப்பட்டதா, மாற்றப்பட்டதா, இப்போது கையாளப்படுகிறதா, இரகசியமா? கீழ்ப்பாதி நான்கும் சேர்ந்து ஓர் எண், அதுதான் வகை. நான்கு பிட்டில் பதினாறு எண்களுக்கு மேல் எழுத முடியாது. ஆகவே ஒரு பாம் கருவியில் எந்தப் பட்டியலுக்கும் பதினாறு வகைகள்தாம். அதிலும் ஒன்று ஏற்கெனவே எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டது. அதன் பெயர் 'அன்ஃபைல்ட்', வகைப்படுத்தாதவை. மிச்சம் பதினைந்து. ஒவ்வொரு வகையின் பெயருக்கும் பதினைந்து எழுத்துக்கு மேல் இடமில்லை. ஒரு பதிவுக்கு ஒரே ஓர் எண்தான் என்பதால் அது ஒரே நேரத்தில் இரண்டு வகையில் இருக்கவும் முடியாது.

அடித்தளம் மேற்கட்டுமானத்தைத் தீர்மானிக்கிறதா என்று நாம் ஆண்டுக்கணக்கில் இரவெல்லாம் விழித்துச் சண்டை போட்டிருக்கிறோம். இங்கே பாருங்கள், அரை பைட் தீர்மானித்திருக்கிறது. ஒரு மனிதனின் உலகம் பதினைந்துக்கு மேல் பிரியக்கூடாது என்று எந்தச் சித்தாந்தியும் சொல்லவில்லை. அழிந்ததா, இரகசியமா என்ற கேள்விகளோடு ஒரே பைட்டில் வகையும் பங்குக்குக் குடியிருந்தது, அவ்வளவுதான் காரணம்.

நிரல்களை அடுக்கும் முகப்புக்கு 'லாஞ்சர்' என்று பெயர். ஆரம்பத்தில் அதில் வகை எதுவும் கிடையாது, எல்லாம் ஒரே திண்ணையில். 1998இல் பாம் III வந்தபோதுதான் லாஞ்சருக்கும் வகைகள் வந்தன. விளையாட்டு, பயன்பாடு, அமைப்பு என்று சில பெயர்களைத் தயாராக வைத்திருந்தார்கள்; வேண்டாமென்றால் மாற்றிக்கொள்ளலாம். மெனுவைத் திறந்து 'வகை' என்பதைத் தேர்ந்தால் எல்லா நிரல்களும் வரிசையாய் வரும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எங்கே சேரவேண்டும் என்று குறிக்கலாம். திரைக்குக் கீழே அச்சிட்டிருக்கும் லாஞ்சர் படத்தை எழுதுகோலால் திரும்பத் திரும்பத் தட்டினால் ஒரு வகையிலிருந்து அடுத்த வகைக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு வகைக்குள் நிரல்கள் அகரவரிசையில்தான் நிற்கும். அடிக்கடி தேவைப்படுவதை மேலே இழுத்து வைக்க வழியில்லை. ஓர் எழுத்தைக் கிறுக்கினால் அந்த எழுத்தில் தொடங்கும் நிரலுக்குத் தாவும் என்பது மட்டும் சலுகை. இந்தக் கறார் பிடிக்காதவர்களுக்காகவே வெளியார் எழுதிய மாற்று லாஞ்சர்கள் பல புழங்கின.

புதிதாக ஏற்றும் நிரல் எதுவும் முதலில் போய்ச் சேரும் இடம் வகைப்படுத்தாதவை. இந்த வகைதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. வகைப்பாடு என்றால் ஃபூக்கோவை இழுக்காமல் இங்கே யாரும் கட்டுரை முடிப்பதில்லை, நானும் ஒருமுறை இழுத்துவிடுகிறேன். 1966இல் வந்த 'சொற்களும் பொருள்களும்' நூலை அவர் போர்ஹெஸ் கற்பனை செய்த சீனக் கலைக்களஞ்சியத்திலிருந்து தொடங்குகிறார். விலங்குகளைத் தாறுமாறாய்ப் பிரிக்கும் அந்தப் பட்டியலில் 'இன்னபிற' என்பதும் ஒரு வகை. எல்லோரும் அதைப் படித்துச் சிரித்தார்கள். ஆனால் நம் இலக்கண ஆசிரியர்கள் இதைச் சிரிப்பில்லாமலே செய்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தில் பல இயல்களின் கடைசியில் ஒரு புறநடைச் சூத்திரம் நிற்கும். இதுவரை சொன்ன விதிகளுக்குள் வராதவை வந்தால் அவற்றையும் இடமறிந்து கொள்க என்கிற தொனியில் அது அமையும். விதி தன் எல்லையைத் தானே ஒப்புக்கொள்ளும் இடம் அது. பாமின் பதினாறாவது எண் ஒரு புறநடை. ஒரே வேறுபாடு, இலக்கணத்தில் புறநடை கடைசியில் வரும். இங்கே அது பூஜ்யம், எண்ணுவதே அங்கிருந்துதான் தொடங்குகிறது. மற்ற வகைகளை அழிக்கலாம், பெயர் மாற்றலாம், இதை மட்டும் முடியாது. நீங்கள் ஒரு வகையை அழித்தால் அதிலிருந்தவை எல்லாம் இதற்குள்தான் வந்து விழும். விலக்கப்பட்டவை சேரும் இடமே அமைப்பின் நிரந்தர இடமாக இருக்கிறது. விளிம்பு, மையம் என்று நாம் எழுதிக் குவித்ததில் பாதி இந்த ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும்.

அகம் புறம் விவகாரமும் இங்கே உண்டு. முகவரிகளுக்கும் குறிப்புகளுக்கும் செய்யவேண்டியவற்றுக்கும் கருவியோடு வந்த முக்கியமான வகைகள் இரண்டு: 'பிசினஸ்', 'பர்சனல்'. தொழில், சொந்தம். எல்லா மனிதர்களையும் முதலில் இந்த இரண்டு கோட்டுக்குள் நிறுத்து என்பது கட்டளை இல்லை, சும்மா ஒரு யோசனை. ஆனால் காலிப் பெட்டியைவிடப் பெயர் எழுதிய பெட்டி பலமானது. நம் அகத்திணை மரபில் தலைவன் தலைவிக்குப் பெயர் சுட்டக்கூடாது. இங்கே பெயரில்லாத பதிவு எதற்கும் உதவாது. ஆகவே ஒப்புமையை இதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும்.

என்னிடம் இருந்தது 2000இல் வெளியான எம்100, இரண்டாம் கையாக வாங்கியது. அதில் முகவரிகளை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் இந்தச் சிக்கல் உடம்பில் உறைத்தது. கடனுக்கு அச்சடித்துக் கொடுத்துவிட்டு இரண்டு வருடம் பணமே கேட்காத அச்சகக்காரர் தொழிலா சொந்தமா? தாள் வாங்கப் பணம் புரட்டித் தந்த அக்காள் புருஷன்? சிற்றிதழ் நடத்துகிறவனுக்குத் தொழில் என்று தனியாக என்ன இருக்கிறது! இரண்டு பெயர்களையும் நீக்கிவிட்டு 'கொடுக்கணும்', 'வரணும்', 'இரவல்', 'சண்டை' என்று வைத்துக்கொண்டேன். கருவிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது என்பதால் எல்லாம் ரோமன் எழுத்தில். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கொடுக்கணும், சண்டை இரண்டிலும் வரவேண்டியவர்கள். ஓர் எண்ணுக்கு மேல் கிடையாது என்பதால் அவர்களை வகைப்படுத்தாதவையிலேயே விட்டேன். நாளடைவில் என் வாழ்க்கையின் முக்கியமான மனிதர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

இனி அந்தச் சட்டைப்பை மனிதன். கருவியின் கீழே நான்கு பொத்தான்கள்: நாட்குறிப்பு, முகவரி, செய்யவேண்டியவை, குறிப்பேடு. அணைந்திருக்கும் கருவியில் இவற்றில் ஒன்றை அழுத்தினாலே கருவி விழித்து நேராக அந்த நிரலைக் காட்டும். இதுதான் உண்மையான குறுக்குவழி, லாஞ்சரையே தாண்டிவிடுகிறது. அமைப்புகளுக்குள் போய் எந்தப் பொத்தானுக்கும் எந்த நிரலை வேண்டுமானாலும் ஒதுக்கிக்கொள்ளலாம் என்பதை மறக்கக்கூடாது. என் நாட்குறிப்புப் பொத்தான் கொஞ்ச நாளிலேயே புத்தக வாசிப்பு நிரலுக்குப் போய்விட்டது. ஆனால் பொத்தானின் மேல் பொறித்திருந்த படம் நாட்குறிப்பாகவே இருந்தது. குறி அப்படியே நிற்க, குறிக்கப்பட்டது மாறிவிட்டது. சொஸ்யூரை வகுப்பில் நடத்துகிறவர்கள் இதை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வகைக் குறுக்குவழி எழுத்திலேயே இருந்தது. கிராஃபிட்டி என்ற எழுதுமுறையில் ஒரு சுழியைப் போட்டுவிட்டு இரண்டெழுத்துச் சுருக்கத்தை எழுதினால் அது முழுச்சொல்லாக விரியும். நீங்களே சுருக்கங்களைச் சேர்க்கலாம். கருவியோடு ஏற்கெனவே வந்தவை எவை என்று பாருங்கள்: காலையுணவு, மதியவுணவு, இரவுணவு, கூட்டம், இன்றைய தேதி, இப்போதைய நேரம். இவ்வளவுதான் மொழி. சாப்பாட்டு வேளையிலும் யாரையாவது சந்தித்துத் தீரவேண்டிய ஒரு மேலாளரின் நாள் இந்த ஆறேழு சொற்களில் முழுக்க அடங்குகிறது. சந்தைக்குப் போகிறவள், பிள்ளையைப் பள்ளியில் விடுகிறவள், இரவுப்பணி முடிந்து காலையில் தூங்குகிறவன் யாருக்கும் இதில் சுருக்கம் இல்லை. அவர்கள் நீட்டித்தான் எழுதவேண்டும். யாருடைய சொற்கள் சுருங்குகின்றனவோ அவருடைய உலகம்தான் இயல்பானது என்று ஆகிவிடுகிறது.

சரி, எதிர்முகாமுக்கு வருவோம். மைக்ரோசாஃப்ட் 1996இல் விண்டோஸ் சிஇயோடு வந்தபோது மேசைக்கணினியை அப்படியே சுருக்கிக் கையில் கொடுத்தது. ஸ்டார்ட் பொத்தான், கீழே பட்டை, குப்பைத்தொட்டி எல்லாம் உண்டு. 2000இல் பாக்கெட் பிசி என்று பெயர் மாறியபோது ஸ்டார்ட் மேலே இடது மூலைக்கு ஏறியது. இங்கே கோப்பு மரம் இருக்கிறது. ஆகவே குறுக்குவழி என்பது ஒரு தனிக் கோப்பு. அதற்குள் அசல் நிரல் எங்கே இருக்கிறது என்ற பாதை மட்டும் ஒரு வரியாக எழுதியிருக்கும். நிரலை நகலெடுத்து, ஸ்டார்ட் மெனு என்ற கோப்புறைக்குள் போய் 'குறுக்குவழியாக ஒட்டு' என்றால் முடிந்தது. கோப்புறைக்குள் கோப்புறை போடலாம், ஒரே நிரலை நான்கு இடத்தில் வைக்கலாம். என் அச்சகக்காரர் இங்கே வந்திருந்தால் எல்லா வகையிலும் இருந்திருப்பார்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பாமில் ஐகான் என்பதே நிரல். நிரலை அழித்தால் ஐகானும் போய்விடும். பாக்கெட் பிசியில் நிரலை அழித்தபிறகும் அதன் குறுக்குவழி எங்கோ ஒரு கோப்புறையில் உயிரோடிருக்கும். தட்டினால் ஒன்றும் வராது. செத்தவர் பெயருக்கு வந்துகொண்டிருக்கும் கடிதங்கள்போல. சுதந்திரமான குறியமைப்பில் இந்த ஆவிகளுக்குப் பழகிக்கொள்ளத்தான் வேண்டும். அதே கருவியில் மூலையிலிருக்கும் பெருக்கல் குறியைத் தட்டினால் நிரல் மூடிவிட்டதுபோல் மறையும், பின்னணியில் ஓடிக்கொண்டேயிருக்கும். இதைப்பற்றி வேறொரு கட்டுரையே எழுதலாம்.

2007இல் ஐஃபோன் வந்தபோது பாமின் தட்டையான கட்டமே திரும்பியது. ஐகான்களை நகர்த்தும் உரிமை 2008 ஜனவரியில்தான் கிடைத்தது, கோப்புறை 2010இல். ஓர் ஐகானை இன்னொன்றின்மேல் இழுத்துப்போட்டால் கோப்புறை உருவாகும். அதற்குப் பெயரையும் கருவியே முன்மொழியும், நாம் திருத்திக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு தொடக்கத்திலிருந்தே முகப்பில் ஒரு குறுக்குவழி, உள்ளே அலமாரியில் அசல் என்று இரண்டாய்ப் பிரித்து வைத்திருந்தது.

2020இல் ஐஓஎஸ் 14 வந்தபோது ஐஃபோனும் ஓர் அலமாரியைச் சேர்த்தது, ஆப் லைப்ரரி என்று. வைத்திருக்கும் செயலிகள் எல்லாம் அதில் தாமாகவே பெட்டிகளில் போய் உட்காரும். உற்பத்தித்திறனும் நிதியும் ஒரு பெட்டி, கடை வாங்கலும் உணவும் ஒரு பெட்டி. பெயரைத் திருத்த முடியாது, ஒரு செயலியை இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு மாற்றவும் முடியாது. நினைவகம் போதவில்லை என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. அரை பைட்டுக்குள் வாழவேண்டிய நிர்ப்பந்தமும் கிடையாது. இருந்தும் பதினைந்து பெயரை நானே எழுதிக்கொள்ளலாம் என்றிருந்த இடத்தில் ஒன்றைக்கூட எழுத முடியாது என்று ஆகியிருக்கிறது. பாமில் எல்லை எங்கிருக்கிறது என்று எனக்குத் தெரியும். பதினாறாவது வகையைச் சேர்க்கப்போனால் முடியாது என்று கருவி வாய்விட்டுச் சொல்லிவிடும். இதில் பெட்டிகளைப் பிரித்தவர் யார், எந்த அளவுகோலால் என்று கேட்பதற்கு மெனுவில் ஓர் இடமில்லை. 'மற்றவை' என்று ஒரு பெட்டி இங்கேயும் உண்டு. அதற்குள் எதை அனுப்பலாம் என்பது இப்போது நம் கையில் இல்லை.