பேட்டரிக்குத் தோசை மாவு வேண்டாமாம்!

இந்த முறை எபிசோடில் டிரெஸ்டன் பற்றிக் கதைச்சோம். அதில அவசரமா தாண்டிப்போன ஒரு விஷயத்தை இங்க நிதானமாப் பார்ப்போம்.

டிரெஸ்டனில் ஃபோக்ஸ்வாகனின் கண்ணாடித் தொழிற்சாலை இருக்கு. 2017இல் அங்கே இ-கோல்ஃப் செய்யத் தொடங்கினாங்க. பேட்டரி 35.8 கிலோவாட் மணி. 2021இல் அதே கட்டடத்தில் ஐடி.3, 58 கிலோவாட் மணி பேட்டரியோடு வந்தது. ஒரு சார்ஜில் போகிற தூரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாச்சு. ஆனா செலவைக் குறைக்கும் திட்டத்தில் 2025 டிசம்பரோடு அங்கே கார் தயாரிப்பு நின்றுபோனது.

அப்போ தூரம் மட்டும் கூடினா போதாது, செலவும் குறையணும். மின்சாரக் காரில் விலை கூடின பாகம் பேட்டரிதான். அதே நகரத்தில் இருக்கிற ஃபிரௌன்ஹோஃபர் ஐ.டபிள்யூ.எஸ். ஆய்வு நிலையம் கை வைத்திருப்பது அங்கேதான்.

பேட்டரி செல்லுக்குள்ளே மெல்லிய உலோகத் தாள்கள் இருக்கும். ஒன்று அலுமினியம், மற்றது செம்பு. அவற்றின்மேல் மின்சக்தியைச் சேமிக்கிற பொருளைப் பூசணும். இப்போ பெரும்பாலும் செய்வது தோசை வார்க்கிற மாதிரி: பொடியைத் திரவத்தில் கரைத்து, தாளில் பரப்பி, நீண்ட அடுப்புக்குள் ஓடவிட்டுக் காயவைப்பது. அடுப்புக்கு ஏராளமான மின்சாரம் வேணும். அலுமினியப் பக்கத்துக்கு வழக்கமா எடுக்கிற என்.எம்.பி. என்ற திரவம் கருவில் இருக்கிற குழந்தைக்குக் கேடு செய்யக்கூடியது. அதனால் ஆவியை வெளியே விடாமல் பிடித்துத் திரும்ப எடுக்கவும் தனிக் கருவிகள் வேணும்.

டிரெஸ்டன் ஆட்களின் வழி ரொட்டி மாவு வழி. அதற்கு 'டிரைட்ரேக்' என்று பெயர். திரவமே இல்லை. பொடியோடு கொஞ்சம் டெஃப்ளான் வகைப் பசையைக் கலந்து, வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு உருளைகளுக்கு நடுவே விடுவாங்க. அந்த இழுப்பில் பசை நூல் நூலாகப் பிரிந்து, சிலந்தி வலை மாதிரி பொடியைப் பிடித்துக்கொள்ளும். வேகமாகச் சுழலும் உருளையில் படலம் ஒட்டும். அதை அப்படியே உலோகத் தாளுக்கு மாற்றலாம். காயவைக்கிற அடுப்பே தேவையில்லை.

கேட்க லேசா இருக்கு, இல்லையா? ஆனா பெரிய அளவில் செய்வது கஷ்டம். டெஸ்லா 2019இல் இந்த நுட்பம் வைத்திருந்த மேக்ஸ்வெல் நிறுவனத்தை வாங்கியும், உற்பத்திக்குக் கொண்டுவர வருஷக் கணக்கில் போராடியது. அதோட அந்தப் பசை பி.எஃப்.ஏ.எஸ். எனும் எளிதில் அழியாத ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தைக் கட்டுப்படுத்தணும் என்று 2023இல் ஐரோப்பாவில் முன்மொழிந்த 5 நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று.

ஒரு நச்சைத் தவிர்க்கப் போய் இன்னொன்றில் மாட்டக்கூடாது, இல்லையா? அதனால அடுத்த முறை "புதுப் பேட்டரி, 1000 கிலோமீட்டர்" என்று செய்தி வந்தா, தூரத்தை மட்டும் பார்க்காதீங்க. அதை எப்படிச் செய்யுறாங்க என்றும் கேளுங்க. உங்க முதல் மின்சாரக் காரின் விலை அந்தப் பதிலில்தான் இருக்கு.