நள்ளிரவில் "முட்டை வேட்டை"! நீலாங்கரை கடற்கரையில் விடிய விடிய ஒரு பள்ளிக்கூடம்

இரவு மணி 11-ஐத் தாண்டிவிட்டது.

நீலாங்கரை கடற்கரையில் இரண்டு பேர், மூன்று பேராக ஆட்கள் வந்து சேருகிறார்கள். கல்லூரி மாணவ-மாணவிகள், பிளஸ்-2 படிக்கும் பையன்கள், அப்பாவின் கையை இறுகப் பிடித்த பொடியன்கள். தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் வழியாக வந்து இறங்கியவர்களும் உண்டு.

பேசக் கூடாது. டார்ச் அடிக்கக் கூடாது. செல்போனில் பளிச் பளிச்சென்று படம் எடுக்கக் கூடாது. உத்தரவு போடுகிறவரும் ஒரு மாணவர்தான்!

கூட்டம் கப்சிப். இருட்டிலே நடக்க ஆரம்பிக்கிறது.

கடத்தல் கும்பலோ என்று பதற வேண்டாம். இவர்கள் தேடுவது ஆமை முட்டை. தின்பதற்கு அல்ல, காப்பாற்றுவதற்கு!

இந்த வினோதப் பள்ளிக்கூடம் பற்றிய விவரம் வருமாறு:-

பங்குனி ஆமை

வங்கக் கடலில் வாழும் பங்குனி ஆமைகள் ஆண்டுதோறும் ஜனவரி தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை சென்னைக் கரைக்கு முட்டையிட வருகின்றன. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு எந்தப் பட்டியலோ, அதே பட்டியல்தான் இந்த ஆமைக்கும்.

தாய் ஆமை இரவில் கரையேறி, பின்னங்கால்களால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போலக் குழி தோண்டும். நூறு முட்டைக்கு மேல் இடும். பிங்பாங் பந்து மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும். பிறகு குழியை மூடி, உடம்பாலேயே தட்டிக் கெட்டியாக்கிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். அப்புறம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

அங்கேதான் ஆபத்து. நாய் தோண்டித் தின்றுவிடும். ஆட்கள் திருடுவதும் உண்டு.

இதில் எல்லாம் தப்பிப் பொரித்த குஞ்சுக்கும் நிம்மதி கிடையாது. இரவில் வெளிச்சம் தெரியும் பக்கம் ஓடுவது குஞ்சின் குணம். ஒரு காலத்தில் அந்த வெளிச்சம் கடல் மட்டும்தான். இப்போது தெருவிளக்கு! கடலுக்குப் போக வேண்டிய குஞ்சு, தவறி ரோட்டுக்கு வந்து சக்கரத்தில் நசுங்குகிறது.

ஆகவே, நாய்க்கு முன்னால் மாணவர்கள் போய் முட்டையை எடுத்தாக வேண்டும்.

துப்பறியும் பாடம்

நீலாங்கரையிலிருந்து பெசன்ட்நகர் வரை சுமார் 7 கிலோ மீட்டர். எல்லோர் கண்ணும் மணலில்தான். டிராக்டர் ஓடியது போலத் தடம் தெரிந்தால், உடனே நிற்பார்கள்.

ஒரு தடம் வந்த வழி. இன்னொன்று போன வழி. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ "புதையல்". ஒரு கம்பை எடுத்து மணலில் மெல்ல மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள். கெட்டியாக நின்றால் இல்லை. பொலபொலவென்று உள்ளே இறங்கினால், அகப்பட்டுவிட்டது!

அப்புறம் கம்புக்கு வேலை இல்லை. கையாலேயே தோண்டி, முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணித் துணிப்பையில் வைப்பார்கள். குழியின் ஆழத்தையும் குறித்துக்கொள்வார்கள். பெசன்ட்நகர் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவத்தில் புதைக்க வேண்டுமே! இத்தனையும் வனத்துறை அனுமதியுடன்.

45 நாள் முதல் 55 நாளில் குஞ்சுகள் வெளியே வரும். மணலில் சூடு அதிகம் என்றால் பெண் குஞ்சு. குறைவென்றால் ஆண் குஞ்சு. புத்தகத்தில் இது ஒரே ஒரு வரி. பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும். மணலுக்குள் முழங்கை வரை கையை விட்டவனுக்கு மறக்குமா?

சேலையூரில் விழுந்த வித்து

இந்த நடைக்கும் தாம்பரத்துக்கும் பழைய தொடர்பு உண்டு.

"பாம்பு மனிதர்" ரோமுலஸ் விட்டேக்கர் தமது பாம்புப் பண்ணையை முதலில் வைத்திருந்தது, தாம்பரத்தை அடுத்த சேலையூரில்தான். 1972ல் அது கிண்டிக்குப் போனது. அந்தப் பண்ணையில் கூடிய இளைஞர்கள்தான் 1970-களின் தொடக்கத்தில் சென்னைக் கரையில் ஆமை தேடி ராத்திரி நடையை ஆரம்பித்தார்கள்.

1988ல் மாணவர்கள் தங்களுக்கென்று "மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பு" தொடங்கினார்கள். படிப்பு முடிந்து ஒரு கூட்டம் போகும். அடுத்த கூட்டம் வரும். நடை மட்டும் நிற்கவில்லை.

அந்தத் தொடக்கக் காலத்தில் நடந்தவர்களில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி. மாணவர். ஆமைப் பித்துப் பிடித்து, இந்தியக் கரையோரம் ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் நடந்தே ஆராய்ந்தார்.

1982ல் ஆள் இல்லாத லட்சத்தீவு ஒன்றில் மழைக்காலம் முழுவதும் தனியே தங்கினார். தபால் ஏது? மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பாட்டிலில் போட்டுக் கடலில் வீசினார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, மனைவியிடமே போய்ச் சேர்ந்தது! 2023ல் அவர் காலமானார்.

பிணக் கணக்கு

பையன்கள் அழகை மட்டும் பார்த்துத் திரும்புவதில்லை.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு மூச்சு விடக் காற்று வேண்டும். விசைப்படகின் இழுவை வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால், மூச்சு முட்டிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயமும் தானாகவே வழக்கை எடுத்தது.

முட்டை தேடி வந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பிணம் எண்ணினார்கள். அதுவும் பாடம்தான். சட்டம் காகிதத்தில் இருப்பது வேறு, கடலில் இருப்பது வேறு என்று அவர்களுக்கு வேறு யார் சொல்லித் தருவது?

பெற்றோர் கவனத்துக்கு

"ராத்திரியிலே பீச்சுக்கா? வேண்டாம்டா!" என்று தடுக்கிற அம்மாக்கள் உண்டு. கவலை நியாயம். கூடவே போகலாமே! சீசனில் வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களையும் அழைத்துச் செல்வது வழக்கம். முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட்டு, விடியும்வரை நடக்கத் தெம்போடு போக வேண்டும்.

ஆமை வரும் என்று உத்தரவாதம் கிடையாது. பல இரவுகள் வெறும் காலோடு, வெறும் கையோடு திரும்ப வேண்டியிருக்கும்.

ஆனால் ஒன்று. கடலைச் சேரும் ஆயிரம் குஞ்சில் பிழைப்பது ஒன்றோ இரண்டோ என்பார்கள். பிழைத்த பெண் ஆமை வளர்ந்து, தான் பிறந்த கரைப் பக்கமே முட்டையிட வரும். அப்போது இந்தப் பையன்களுக்கும் பிள்ளைகள் இருக்கும்.

கரை இருக்குமா, இருட்டு இருக்குமா என்பதுதான் கேள்வி!