கொல்லையில் 45 டன் தண்ணீர்

அமெரிக்காவின் வட எல்லையில் இருக்கும் மினசோட்டா மாநிலத்தைப் ‘பத்தாயிரம் ஏரிகளின் நாடு’ என்பார்கள். உண்மைக் கணக்கு அதைவிடக் கூடுதல். பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டுமே 11,842. பதிவு செய்யப்பட்ட படகுகள் எட்டு லட்சத்தைத் தாண்டும். 1922இல் ரால்ஃப் சாமுவெல்சன் என்ற பதினெட்டு வயது இளைஞர் இரண்டு பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு படகின் பின்னால் வழுக்கிப் பழகியது இங்குள்ள பெப்பின் ஏரியில்தான். நீர்ச்சறுக்கு விளையாட்டு அங்கே பிறந்தது. நம் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்பதுபோல அங்கே பல வீடுகளில் டிரெய்லர்மேல் ஒரு படகு நிற்கும்.

அதே வீடுகள் சிலவற்றின் கொல்லைப்புறத்தில், தரையைத் தோண்டாமல் தரைக்கு மேலேயே எழுப்பிய வட்டமான நீச்சல்குளத்தையும் பார்க்கலாம். ஏரியும் படகும் இருக்கிறவர்களுக்குக் குளம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். காரணங்கள் உண்டு. அங்குள்ள ஏரிகள் ஜூன் மாதத்திலும் சில்லென்றே இருக்கும். கோடை முற்றினால் சில ஏரிகளில் நீலப்பச்சைப் பாசி படர்ந்து குளிக்க முடியாமல் போகும். நத்தைகளிலிருந்து வெளிவரும் ஒரு நுண்புழு தோலில் ஏறி அரிப்பு உண்டாக்குவதும் அங்கே வழக்கம். எல்லாவற்றுக்கும் மேல், படகை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போவது விடுமுறை நாளின் வேலை. குழந்தைக்கு நீச்சல் பழக்கத் தினமும் மாலையில் அரை மணி நேரம் வேண்டும். படகில் ஏறும் குழந்தைக்கு நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே குளம் வாங்க மிகச் சரியான காரணம் என்று எனக்குப் படுகிறது.

இனி அந்தக் குளத்தைப் பார்ப்போம். 24 அடி விட்டம், நான்கடிச் சுவர், மூன்றரை அடித் தண்ணீர். இது நடுத்தரமான ஒரு குளம். இதில் ஏறக்குறைய 45,000 லிட்டர் கொள்ளும். எடை 45 டன். டிரெய்லரோடு சேர்ந்த குடும்பப் படகு ஒன்றரை டன் இருந்தால் அப்படிப்பட்ட முப்பது படகுகளின் எடை. இத்தனையையும் சுற்றிப் பிடித்து நிற்பது ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத எஃகுத் தகடு. பாய்போலச் சுருட்டி அட்டைப்பெட்டியில் வரும் தகடு!

இது எப்படித் தாங்குகிறது? தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது; பரப்பைப் பொறுத்தது அல்ல. கடல்போல் விரிந்த சுப்பீரியர் ஏரியில் மூன்றரை அடி ஆழத்தில் என்ன அழுத்தமோ, அதேதான் கொல்லைக் குளத்தின் அடியிலும். அந்த அழுத்தம் சுவரை எல்லாப் பக்கமும் ஒரேபோல வெளியே தள்ளுகிறது. வட்டமான சுவர் அதை வளைய மறுத்து எதிர்ப்பதில்லை. இழுபட்டு எதிர்க்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் போடும் இரும்புப் பட்டையும், பீப்பாயை இறுக்கும் வளையமும் செய்கிற வேலை இதுவே. நம் குளத்தில் தகட்டின் இரு முனைகளும் சேரும் இடத்தில் ஏறத்தாழ இரண்டு டன் இழுவிசை விழுகிறது. வரிசையாக முடுக்கிய போல்ட்டுகள் அதைத் தாங்குகின்றன. எஃகுக்கு இழுவிசை மிகவும் பழகிய விஷயம் என்பதால் மெல்லிய தகடே போதும்.

கீழடியில் கிடைத்த உறைகிணறுகளை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அங்கே சுற்றியுள்ள மண் வளையத்தை உள்நோக்கி அமுக்குகிறது. சுட்ட மண்ணுக்கு அமுக்கத்தைத் தாங்கத் தெரியும். ஆகவே மண் உறையே கிணற்றைக் காத்தது. அதே உறையைத் தரைமேல் வைத்துத் தண்ணீரை நிரப்பினால், வெளியே தள்ளும் விசை அதை இழுத்துப் பிளந்துவிடும். அமுக்கத்துக்கு மண், இழுப்புக்கு எஃகு. வட்டம் இரண்டுக்கும் பொது.

இதனால்தான் நீள்வட்டக் குளம் வாங்குகிறவர்கள் அதிகம் செலவழிக்க வேண்டியிருக்கிறது. அதன் நீண்ட நேர்ப்பக்கங்களில் வளைய இழுப்பு வேலை செய்யாது. வெளியே முட்டுக்கால்கள் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். வட்டக் குளத்திலும் விட்டம் இரண்டு மடங்கானால் சுவரின் இழுவிசையும் இரண்டு மடங்காகும்.

குளம் அமைப்பதில் முக்கால்வாசி உழைப்பு தரையை மட்டப்படுத்துவதிலேயே போகும். படகுக்கு இந்தக் கவலை இல்லை. ஏரி தானாக மட்டமாக இருக்கிறது. படகு அதன்மேல் தன் இடத்தைத் தேடிக்கொள்கிறது. குளத்திலும் தண்ணீர் மட்டமாகத்தான் நிற்கும். தரை சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் ஆழம் கூடும், சுவர் அந்தப் பக்கம் தள்ளப்படும். 24 அடிக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது என்பது பொதுவான விதி. சதுர மீட்டருக்கு ஒரு டன் சுமையைத் தாங்குவது சாதாரண மண்ணுக்குப் பெரிய காரியம் இல்லை. எல்லா இடத்திலும் ஒரேபோலத் தாங்க வேண்டும், அதுதான் கடினம். எனவே மேட்டை வெட்டித்தான் மட்டம் செய்ய வேண்டும். பள்ளத்தில் மண் கொட்டி நிரப்பக் கூடாது. கொட்டிய மண் எவ்வளவு இடித்தாலும் 45 டன்னின் கீழ் பின்னால் அமிழும்.

மட்டம் பார்க்க லேசர் கருவி கிடைக்கிறது. நம் கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பிய ஊடுதெரியும் குழாயை இரு முனையிலும் பிடித்துப் பார்க்கும் முறையும் அதே அளவு நம்பகமானது. தண்ணீருக்கு இடம் அமைக்கும்போது தண்ணீரையே சாட்சியாக அழைக்கும் அந்த முறை எனக்குப் பிடித்தமானது. மண்வெட்டியை எடுக்கும் முன் அமெரிக்காவில் 811 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் புதைந்திருக்கும் இடங்களை வந்து குறித்துத் தருவார்கள். உள்ளூர் அனுமதியும் வாங்க வேண்டும்.

மட்டமான தரையில், சுவரை ஒட்டிய தூண்கள் நிற்கும் இடங்களில் சிமெண்டுப் பலகைகளைப் புதைத்து, அவற்றின்மேல் வளையமாகத் தடம் பொருத்துகிறார்கள். அதில்தான் சுவர்த்தகடு நிற்கும். 75 அடி நீளமும் நான்கடி உயரமும் உள்ள தகட்டைப் பிரித்து நிறுத்துவதற்குக் காற்றில்லாத காலை நேரம் வேண்டும். பாய்மரம் கட்டியவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். காற்று ஒரு முறை மடக்கிய தகடு பழைய வலுவுக்குத் திரும்பாது.

தகட்டுக்குள் சலித்த மணலை இரண்டு அங்குலம் பரப்பி, சுவரோரத்தில் மட்டும் உயர்த்திச் சரிவாக அணைக்க வேண்டும். இந்தச் சிறு கரைதான் குளத்தின் உயிர்நிலை. அது இல்லாவிட்டால் தண்ணீரின் கனம் லைனரைச் சுவருக்கும் தரைக்கும் இடையிலுள்ள சந்துக்குள் பிதுக்கிவிடும்.

லைனர் என்பது அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள வினைல் விரிப்பு. தண்ணீர் கசியாமல் காப்பது அது. பாரத்தைத் தாங்குவது சுவரும் தரையும். இந்த வினைலுக்கும் படகுக்கும் உறவு உண்டு. விறைப்பான பி.வி.சி.யை வளையும் பொருளாக்கும் வழியை 1926இல் ஒஹையோ மாநிலத்தின் அக்ரன் நகரில் வால்டோ செமன் கண்டுபிடித்தார். குளத்தின் லைனரும் படகு இருக்கையின் உறையும் அந்தக் கண்டுபிடிப்பின் பிள்ளைகள். இரண்டையும் வெயில்தான் விறைக்க வைக்கும்.

லைனரை விரித்துத் தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டால் நிரம்பச் சுமார் ஒரு நாள் ஆகும். முதல் இரண்டு அங்குலம் ஏறும்வரை வெறுங்காலோடு உள்ளே நடந்து சுருக்கங்களை ஓரத்துக்குத் தள்ள வேண்டும். அதற்குமேல் தண்ணீரின் கனம் விடாது. மேல்மட்டத் தண்ணீரை உள்வாங்கும் ஸ்கிம்மருக்கும் தண்ணீர் திரும்பி வரும் வாய்க்கும் லைனரில் துளை வெட்டுவது, தண்ணீர் அந்த உயரத்தை நெருங்கி லைனர் முழுதாக இழுபட்ட பிறகே. முன்கூட்டி வெட்டினால் துளை இடம் மாறிவிடும்.

மேற்பரப்புத் தண்ணீரை ஸ்கிம்மர் வழியே பம்ப் இழுக்கிறது. மணல் வடிகட்டி அதைச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புகிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்குக் குளோரின். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமாவது இருக்க வேண்டும், பி.எச். 7.0 முதல் 7.8க்குள் நிற்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் பரிந்துரை. பி.எச். 7.5இல் குளோரினில் ஏறக்குறைய பாதி கிருமி கொல்லும் வடிவில் இருக்கும். எட்டுக்குப் போனால் கால் பங்குதான் மிஞ்சும். ஆகவே குளோரினை மட்டும் அள்ளிப் போட்டுப் பயனில்லை.

உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவியை விரும்புகிறவர்கள் படகில் கற்ற பாடம் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். படகு என்ஜினின் அடியில் துத்தநாகத்திலோ மக்னீசியத்திலோ ஒரு கட்டி பொருத்தியிருப்பார்கள். அது தான் அரிபட்டு மற்ற உலோகத்தைக் காப்பாற்றும். குளத்துச் சுவரின் துத்தநாகப் பூச்சும் அதே தியாகத்தைத்தான் செய்கிறது. உப்புத் தண்ணீர் தெறித்துக் காயும் விளிம்புகளில் அந்தப் பூச்சு சீக்கிரம் தீரும். இரும்புச் சுவர்க் குளத்துக்கு உப்புக் கருவி வேண்டாம் என்பது என் கருத்து.

குளிர்காலத்தில் படகுக்கும் குளத்துக்கும் ஒரே வைத்தியம். தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பெருகும். அதற்கு இடம் தராத பொருள் உடையும். எனவே என்ஜினை வடிப்பதுபோல பம்பையும் வடிகட்டியையும் வடித்து, குழாய்களை ஊதிக் காயவைத்து, துளைகளை அடைத்து, தண்ணீரை ஸ்கிம்மருக்குக் கீழே இறக்கி மூட வேண்டும். குளத்தை முழுக்கக் காலி செய்யக் கூடாது. வெறுமையான சுவரைத் தாங்க ஆளில்லை, லைனரும் குளிரில் சுருங்கும்.

இரண்டும் வைத்திருக்கும் வீட்டுக்குத் தனியாகச் சில ஆபத்துகள் உண்டு. பெட்ரோல் கேனும் என்ஜின் ஆயிலும் இருக்கும் கொட்டகையில் குளோரின் பொடியை வைக்கவே கூடாது. கால்சியம் ஹைப்போகுளோரைட் எண்ணெய்ப் பொருளோடு சேர்ந்தால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். பம்பின் மின்வேலையையும் குளத்தின் உலோகப் பாகங்களைச் செம்புக் கம்பியால் இணைப்பதையும் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடமே விட வேண்டும்.

அடுத்தது படகு நிற்கும் இடம். நான்கடிச் சுவர் சிறு குழந்தைக்கு வேலிதான், பக்கத்தில் ஏற எதுவும் இல்லாதவரை. டிரெய்லரின் சக்கர மறைப்பில் கால் வைத்தால் படகின் விளிம்பு, அங்கிருந்து குளம். ஒட்டி நிறுத்திய படகு குழந்தைக்கு ஏணியாகிவிடும். அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயதுவரையுள்ள குழந்தைகளின் சாவுக்கு முதல் காரணம் நீரில் மூழ்குவது.

இந்தக் குளம் அதே குழந்தைகளைக் காக்கவும் கூடும். ஓடும் படகில் 13 வயதுக்குட்பட்டவர்கள் மிதவைச் சட்டை அணிய வேண்டும் என்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி. படகு விபத்துகளில் மூழ்கி இறந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அதை அணியாதவர்கள். சட்டை குழந்தைக்குப் பொருந்துகிறதா, காதுவரை ஏறி நழுவுகிறதா என்று பார்க்க மூன்றரை அடிக் குளத்தைவிட நல்ல இடம் கிடையாது. பெரியவர் ஒருவர் தண்ணீரில் நின்று, சட்டை மாட்டிய குழந்தையைக் கைப்பிடியில் மிதக்கவிட்டுப் பழக்கலாம். குளத்தில் நீந்தத் தெரிந்துவிட்டதே என்று ஏரியில் அந்தச் சட்டையைக் கழற்ற அனுமதிக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீர் நல்ல நீச்சல்காரரையும் சில நிமிடங்களில் செயலிழக்க வைக்கும்.

மினசோட்டாவிலும் மிச்சிகனிலும் இப்போது தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அவர்களில் யாராவது இந்தக் கோடையில் குளம் போட நினைத்தால், தரையை அளக்கும் நாளிலேயே படகுக்கு வேறு இடம் பார்த்துவிடுங்கள். மாலையில் எல்லோரும் கரையேறியதும் ஏணியைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்ப் பூட்டுங்கள்.