அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு

சென்னை உயர்நீதிமன்றத்திற்கு வடக்கே, ஜார்ஜ் டவுன் பகுதியில், அரண்மனைக்காரன் தெரு என்று ஒன்று உண்டு. என் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்ற பொழுதெல்லாம், “அரண்மனை எங்கே, ஐயா?” என்று எவனாவது ஒருவன் கேட்பான். அரண்மனைக்கும் அத்தெருவுக்கும் தொடர்பே இல்லை. அங்கே குடியிருந்தோர் அர்மீனியர். அந்த அயற்சொல்தான் நம் மக்கள் நாவில் அரண்மனையாயிற்று. திரிந்த பெயர்களை இகழ்வோர் உளர், யான் இகழேன். ஆட்கள் அகன்ற பின்னும் அவர்கள் வந்திருந்தமைக்குச் சான்று கூறுவது அப்பெயரே அன்றோ?

இப்பகுதி தோன்றிய வரலாறு வருத்தம் தருவது. 1640இல் கோட்டை எழுந்தபின், அதன் வடமதிலை ஒட்டியே நெசவாளரும் வணிகரும் வீடு கட்டி வாழ்ந்தனர். வெள்ளையர் அதனைக் கறுப்பர் நகரம் என்றனர். 1746இல் கோட்டையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர் அவ்வீடுகளிற் பலவற்றை இடித்தனர். 1749இல் ஊரை மீளப்பெற்ற கும்பெனியார், பகைவர் மறைந்து சுட இடமாகும் என்று அஞ்சி, எஞ்சியவற்றையும் பின்னர் இடித்து வெட்டவெளியாக்கினர். சென்னக்கேசவப் பெருமாளும் சென்னமல்லீசுவரரும்கூட இடம்பெயர்ந்து, தேவராச முதலி தெருவருகே புதுக் கோயில் கொள்ள நேர்ந்தது. அவ்வெளியின் எல்லையைக் காட்ட 1773இல் நட்ட தூண்களுள் ஒன்று பாரிமுனையில் நிற்கிறது. அதனைக் கடந்து செல்வோர் பல்லாயிரவர். நின்று பார்ப்போர் அரியர்.

வீடிழந்தோர் வடக்கே முத்தியாலுப்பேட்டையிலும் பெத்துநாயக்கன்பேட்டையிலும் ஒதுங்கினர். இவ்விரு பேட்டைகளும் முன்னரே வலங்கை, இடங்கைப் பூசலுக்கு ஆளானவை. 1707இல் கவர்னர் பிட் முன்னதை இடங்கையார்க்கும் பின்னதை வலங்கையார்க்கும் என்று பிரித்து வைத்தார். திருமண ஊர்வலம் எத்தெருவிற் போகலாம் என்பதே அன்று பெருவழக்கு! இவ்விரு பேட்டைகளும் சேர்ந்த பகுதிக்கே 1911இல் ஜார்ஜ் டவுன் என்ற பெயர் வந்தது.

பவழக்காரத் தெருவில் யூதர் இருந்தனர். மத்தியதரைக் கடற் பவழத்தை இங்கே விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கி அனுப்பியவர் அவர்கள். பின்னர் அங்கே நகரத்தார் வந்தமர்ந்தனர். தங்கசாலைப் பக்கம் குஜராத்தியரும் மார்வாரிகளும் நிறைந்தனர். சௌகார்பேட்டை அவர்களாற் பெயர் பெற்றது.

நிற்க. அர்மீனியருள் பெட்ரஸ் உஸ்கான் என்னும் பெருவணிகர், 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டித் தந்தார். உலகின் முதல் அர்மீனிய மொழிப் பத்திரிகை 1794இல் வெளிவந்ததும் இந்தச் சென்னையிலேதான். அதனை நடத்தியவர் ஷ்மவோனியன் என்னும் பாதிரியார். 1772ஆம் ஆண்டுத் தேவாலயம் இன்றும் அத்தெருவில் உண்டு. வழிபடும் குடிகள்தாம் இல்லையென்றே சொல்லலாம். முற்றத்திற் பாவியுள்ள கல்லறைக் கற்களை மாணவர்கள் குனிந்து பார்த்தார்கள். “என்ன எழுதியிருக்கிறது, ஐயா?” என்று கேட்டான் ஒருவன். வாழ்நாளெல்லாம் எழுத்தறிவித்த எனக்கு அவ்வெழுத்தில் ஒன்றும் தெரியவில்லை.