மறுபிறவி எடுத்த தொடர்கள் – 7: இரண்டு அப்பல்லோக்கள்

1979 ஏப்ரல் 29, ஞாயிறு இரவு. அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ தொடரின் கடைசிப் பகுதி. கேலக்டிகா என்பது விண்வெளிப் போர்க்கப்பல். அதன் உச்சியில் எல்லாரும் மறந்துபோன ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது, அதற்குள் அலைகளை வாங்கும் ஒரு பழங்காலக் கருவி. கப்பலின் போர் விமானிகளான அப்பல்லோவும் ஸ்டார்பக்கும் அங்கிருந்து கிளம்பிப் போன பிறகு, ஆளில்லாத அந்த இடத்தில், கருவியின் திரையில் மங்கலாக ஒரு படம் தெரிகிறது. நிலவில் மனிதன் இறங்கும் காட்சி. தொடர் முழுக்க அவர்கள் தேடி அலைந்த பூமியிலிருந்து வந்த சேதி அது. பார்க்க யாரும் இல்லை. தொடர் அத்தோடு நின்றுவிட்டது.

இந்த ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொண்டால்தான் 24 ஆண்டுகள் கழித்து ரசிகர்கள் ஏன் அப்படிக் கொதித்தார்கள் என்பது புரியும்.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனிதர்கள் பன்னிரண்டு குடியேற்ற உலகங்களில் வாழ்கிறார்கள். சைலான் என்ற இயந்திரப் படை ஒரே தாக்குதலில் அத்தனையையும் அழித்துவிடுகிறது. தப்பிய ஒரே பெரிய போர்க்கப்பல் கேலக்டிகா. கிடைத்த சரக்குக் கப்பல், பயணிகள் கப்பல் எல்லாவற்றையும் தன் பின்னால் சேர்த்துக்கொண்டு, பதின்மூன்றாவது குலம் குடியேறியதாகச் சொல்லப்படும் பூமியைத் தேடி அது ஓடுகிறது. துரத்திக்கொண்டு சைலான்கள். க்ளென் ஏ. லார்சன் உருவாக்கிய இந்தத் தொடர் 1978 செப்டம்பர் 17 அன்று மூன்று மணி நேரப் படமாகத் தொடங்கியது. அதே இரவில்தான் கேம்ப் டேவிட் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒளிபரப்பை நடுவில் நிறுத்தி அதைக் காட்டிவிட்டுத் திரும்பக் கதைக்கு வந்தார்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதற்குத் தந்திரக் காட்சிகள் செய்த ஜான் டைக்ஸ்ட்ராவே இதற்கும் செய்தார். காப்பியடித்துவிட்டார்கள் என்று ஃபாக்ஸ் நிறுவனம் யுனிவர்சல் மீது வழக்குப் போட்டது. ஒரு பகுதிக்குப் பத்து லட்சம் டாலர் அளவுக்குச் செலவானதாக அன்று பேசப்பட்டது. பார்ப்பவர்கள் குறையத் தொடங்கியதும் அந்தச் செலவு தாங்கவில்லை. ஒரே பருவத்தில் கடையைக் கட்டிவிட்டார்கள். பிறகு செலவைக் குறைத்து ‘கேலக்டிகா 1980’ என்று பத்துப் பகுதிகள் எடுத்தார்கள். ரசிகர்களில் பலர் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

சைலானின் இடம் வலமாக ஓடும் சிவப்புக் கண்ணை லார்சன் பின்னாளில் ‘நைட் ரைடர்’ காரின் முகப்பில் கொண்டுபோய் வைத்தார். ஸ்டார்பக்காக நடித்த டர்க் பெனடிக்ட் ‘தி ஏ-டீம்’ தொடருக்குப் போனார். அதன் தொடக்கப் படத்தொகுப்பில் ஒரு சைலான் அவரைக் கடந்து நடக்கும், அவர் எங்கோ பார்த்த முகமாயிற்றே என்று விரலை உயர்த்துவார். தொடர் போன பிறகும் அதன் சாயல் இப்படிச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை உயிரோடு வைத்திருந்தவர்கள் ரசிகர்கள். மாநாடு கூட்டினார்கள், சீருடை தைத்துப் போட்டுக்கொண்டார்கள், சைலான் தலைக்கவசத்தை அச்சு எடுத்து வார்த்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: கதையை விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் அப்பல்லோவாக நடித்த ரிச்சர்ட் ஹேட்ச். இவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1990களில் இந்தத் தொடரைத் திரும்பக் கொண்டுவருவதையே தன் வாழ்வின் வேலையாக எடுத்துக்கொண்டார். இணை ஆசிரியர்களோடு சேர்ந்து கேலக்டிகா நாவல்கள் எழுதினார். சித்திரக் கதைகளுக்கும் கை கொடுத்தார். கைப்பணத்தைப் போட்டு, பழைய நடிகர்கள் சிலரை அழைத்து, ‘தி செகண்ட் கமிங்’ என்ற பெயரில் சில நிமிட முன்னோட்டப் படம் ஒன்றை எடுத்தார். வயதாகிப்போன அப்பல்லோ அதில் படையை நடத்திச் செல்கிறார். மாநாட்டுக்கு மாநாடு அதை எடுத்துச் சென்று திரையிட்டார், ரசிகர்கள் கொண்டாடினார்கள். உரிமை வைத்திருந்த யுனிவர்சல் அசையவில்லை.

2001இல் கதவு திறப்பதுபோல் இருந்தது. இயக்குநர் பிரையன் சிங்கரும் தயாரிப்பாளர் டாம் டிசாண்டோவும் பழைய கதையின் தொடர்ச்சியாகவே ஒரு தொடர் எடுக்க முன்வந்தார்கள். ஆயத்த வேலைகள் நடந்துகொண்டிருந்தபோது செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. வேலை தள்ளிப்போனது. சிங்கர் ‘எக்ஸ்-மென்’ இரண்டாம் படத்துக்குப் போய்விட்டார், திட்டமும் கைவிடப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவர்களுக்குக் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

அதன் பிறகுதான் தயாரிப்பாளர் டேவிட் ஐக்கும் ரொனால்ட் டி. மூரும் வந்தார்கள். மூர் ‘ஸ்டார் ட்ரெக்’ எழுத்தாளர் குழுவில் வளர்ந்தவர். செப்டம்பர் 11 நடந்து சில மாதங்களே ஆன நிலையில் பழைய கேலக்டிகாவின் முதல் படத்தைப் போட்டுப் பார்த்தார். ஒரே நாளில் உலகம் அழிந்து, மிஞ்சியவர்கள் ஓடும் கதை அப்போது வேறு கனத்தோடு அவர் மனதில் இறங்கியது. விட்ட இடத்திலிருந்து தொடரப்போவதில்லை, முதலிலிருந்து தொடங்குவேன் என்று முடிவெடுத்தார். தன் நோக்கத்தை ஓர் அறிக்கையாகவே எழுதினார்: வினோத வேற்றுக்கிரக வாசிகள் கிடையாது, பளபளப்புக் கிடையாது, கேமராவைத் தோளில் வைத்து ஆவணப்படம்போல் எடுப்போம். பழைய தொடரில் சைலான்களை உண்டாக்கியது ஊர்வன இனம் ஒன்று. மூரின் கதையில் மனிதர்களே உண்டாக்குகிறார்கள். அவற்றில் சில இப்போது மனித உருவிலேயே நடமாடுகின்றன. புகை பிடித்துக்கொண்டு சீட்டாடும் அந்தக் குறும்புக்கார ஸ்டார்பக் இப்போது ஒரு பெண். கேட்டி சாக்காஃப் நடிக்கிறார்.

அறிவிப்பு வந்ததும் ரசிகர் உலகம் இரண்டாகப் பிளந்தது. ‘பெயரில் மட்டும் கேலக்டிகா’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஜினோ’ என்று பழைய அணி இதற்குப் பட்டப்பெயர் வைத்தது. புதிய கப்பலின் தலைவர் அடாமாவாக நடிக்க வந்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ், பழையதில் தீவிரப் பற்று உள்ளவர்கள் தயவுசெய்து இதைப் பார்க்காதீர்கள், மனம் புண்படும் என்று பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். அவர் சொன்னது நேர்மையான பேச்சு என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் எரிகிற நெருப்பில் அது எண்ணெயாக விழுந்தது. டர்க் பெனடிக்ட் ஒரு பத்திரிகையில் நீண்ட கட்டுரையே எழுதினார். தான் நடித்த பாத்திரத்தின் ஆண்மையைப் பறித்துவிட்டார்கள் என்பதுதான் அதன் சாரம்.

இந்தக் கோபங்களை ஒரே மூட்டையாகக் கட்டிப் பெண்வெறுப்பு என்று சீட்டு ஒட்டுவது அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது. அது நியாயமில்லை. பெனடிக்டின் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்டார்பக்கின் துணிச்சலும் அடங்காமையும் ஆணாக இருந்ததால் வந்தவை அல்ல என்பதைச் சாக்காஃப் நடித்த முதல் இரண்டு மணி நேரத்திலேயே காட்டிவிட்டார். ஆனால் வேறொரு குறை சரியான குறை. பழைய தொடரில் கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரி கர்னல் டையாக டெர்ரி கார்ட்டரும், விமானி பூமராக ஹெர்பர்ட் ஜெஃபர்சன் ஜூனியரும் நடித்தார்கள். இருவரும் கறுப்பினத்தவர்கள். 1978இல் அமெரிக்க விண்வெளித் தொடரில் அப்படி இரண்டு இடங்கள் கிடைத்தது சிறிய விஷயமல்ல. புதியதில் டையாக மைக்கேல் ஹோகன் என்ற வெள்ளையரும், பூமராகக் கொரிய வம்சாவளியைச் சேர்ந்த கிரேஸ் பார்க்கும் வந்தார்கள். தலைவர் அடாமாவாகவே மெக்சிகோ வம்சாவளி நடிகரைப் போட்டோமே என்று பதில் சொல்லலாம். ஆனால் சிறுவயதில் டையையும் பூமரையும் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்த ஒருவருக்கு அந்தப் பதில் போதாது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது காத்திருந்தவர்களின் வலி. புதிதாகத் தொடங்குவது என்றால் அந்தக் கண்ணாடிக் கூண்டில் தெரிந்த சேதிக்கு இனி யாரும் பதில் சொல்லப்போவதில்லை. தங்கள் அப்பல்லோவும் ஸ்டார்பக்கும் பூமியை அடையவே மாட்டார்கள். இந்த இழப்பு உண்மையானது. புதிய தொடர் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் இதை ஈடுகட்ட முடியாது, ஈடுகட்டிவிட்டதாக யாரும் சொல்லவும் கூடாது.

2003 அக்டோபரில் பழைய தொடரின் வெள்ளி விழா மாநாடு நடந்தது. நடத்தியவர் ஹேட்ச். படம் ஒளிபரப்பாக இரண்டு மாதம் இருந்த நிலையில் மூர் துணிந்து அந்த மேடைக்கு வந்தார். அரங்கம் எதிர்ப்பால் கொந்தளித்தது. அப்போது எழுந்து, விருந்தாளியிடம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள் என்று கூட்டத்தைக் கேட்டுக்கொண்டவர் ஹேட்ச்தான். தன் பல ஆண்டு உழைப்பையும் பணத்தையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிய திட்டத்தின் கர்த்தா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அந்த மனிதருக்காகப் பேசுகிறார். உள்ளுக்குள் மனக்கசப்பு இல்லாமல் இல்லை. ஓய்ந்துபோய் உடல்நலமே குன்றியதாக மறு ஆண்டு பேட்டியில் அவரே சொன்னார்.

2003 டிசம்பர் 8, 9 இரவுகளில் சைஃபை சேனலில் புதிய கேலக்டிகா இரண்டு பாகமாக வந்தது. முதல் காட்சியில், சைலான்களோடு பேச்சு நடத்த ஒதுக்குப்புற நிலையம் ஒன்றில் காத்திருக்கும் அதிகாரி காகிதங்களைப் புரட்டுகிறார். ஒரு தாளில் 1978ஆம் ஆண்டு சைலானின் படம். எதிரியைப் பற்றி மனிதர்களிடம் இருப்பது அந்தப் பழைய படம் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் கேலக்டிகா ஒரு அருங்காட்சியகமாக மாற்றப்படுவதைக் காட்டுகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் அந்தக் காலத்துச் சைலான் நிற்கிறது. கப்பலுக்குப் பிரியாவிடை தரும் விழாவில் போர் விமானங்கள் அணிவகுத்துப் பறக்கும்போது ஸ்டூ ஃபிலிப்ஸ் அமைத்த பழைய முகப்பு இசை, அந்த உலகத்தின் தேசிய கீதமாக ஒலிக்கிறது. பழைய ரசிகர்களில் சிலருக்கு இது வணக்கமாகப் பட்டது. சிலர், எங்களைக் கொண்டுபோய் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள் என்றார்கள். நான் முதலில் பார்த்தது புதியதைத்தான், பழையதைப் பிறகு தேடிப் பிடித்துப் பார்த்தேன். வணக்கம் என்றே எனக்குப் படுகிறது, இருந்தாலும் இரண்டாவது தரப்பை மறுத்துப் பேச என்னிடம் வலுவான பதில் இல்லை.

தொடராக வந்தபோது பலர் மனம் மாறினார்கள். முதல் பகுதியின் பெயர் ‘33’. முப்பத்து மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சைலான்கள் வந்து தாக்குகிறார்கள். ஐந்து நாளாக யாரும் தூங்கவில்லை. மேரி மெக்டானல் நடித்த அதிபர், மிஞ்சியிருக்கும் மனிதர்களின் எண்ணிக்கையை ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார். தொடக்கத்தில் 50,298. பகுதி முழுக்க அந்த எண் இறங்கிக்கொண்டே போகிறது. முடிவில் ஒரு குழந்தை பிறக்கிறது, அவர் எழுந்துபோய் ஒன்றைக் கூட்டுகிறார். அந்தப் பகுதி 2005இல் ஹியூகோ விருது பெற்றது. அதே ஆண்டின் சிறந்த தொலைக்காட்சித் தொடர் என்று ‘டைம்’ இதழ் இதைத் தேர்ந்தெடுத்தது. 2009இல் நியூயார்க் ஐ.நா. தலைமையகத்திலேயே, மனித உரிமையும் பயங்கரவாதமும் பற்றி இந்தத் தொடரை முன்வைத்து ஓர் உரையாடல் நடந்தது. நடிகர்களும் மூரும் போய் உட்கார்ந்து பேசினார்கள்.

இதற்கிடையில் மூர், ஹேட்சுக்கு ஒரு வேடம் கொடுத்தார். கெளரவத்துக்காக ஓரமாக நின்றுவிட்டுப் போகும் வேடமல்ல. டாம் ஸாரெக், அரசுக் கட்டடத்தைக் குண்டு வைத்துத் தகர்த்து இருபது ஆண்டாகச் சிறையில் இருக்கும் கலகக்காரன். அடாமாவின் மகன் லீ, விமானியாக அவன் வைத்துக்கொண்ட பெயர் அப்பல்லோ, கைதிகளிடம் வேலைக்கு ஆள் கேட்டு அந்தச் சிறைக் கப்பலுக்கு வருகிறான். கம்பிக்குப் பின்னால் பழைய அப்பல்லோ, வெளியே புதிய அப்பல்லோ ஜேமி பாம்பர். தடை செய்யப்பட்ட ஸாரெக்கின் புத்தகத்தைக் கல்லூரியில் படித்திருப்பதாக லீ சொல்கிறான். அப்பல்லோ என்ற கடவுளின் பெயர் உனக்கு எதற்கு என்று ஸாரெக் அவனைத் துருவுகிறான். பிறகு, மக்கள் தேர்ந்தெடுக்காத அரசுக்கு என்ன அதிகாரம் என்ற கேள்வியைக் கிளப்பித் தேர்தல் நடத்தச் சொல்லிக் கிளர்ச்சி செய்கிறான்.

இதைவிடப் பொருத்தமான இடத்தை ஹேட்சுக்கு யாரும் கொடுத்திருக்க முடியாது. அவருடைய எதிர்ப்பை மறைக்காமல், அதையே ஒரு பாத்திரமாக்கிக் கதைக்குள் கொண்டுவந்தார்கள். ஸாரெக் கடைசிவரை இந்த அரசை ஏற்கவில்லை. துணை அதிபராகிறான், கலகம் செய்கிறான், துப்பாக்கிப் படை முன்னால் நின்று சாகிறான். ஹேட்சைப் பார்த்துப் பழைய ரசிகர்களில் ஒரு பகுதியினர் உள்ளே வந்தார்கள். வராதவர்கள் வராமலே இருந்தார்கள், அதுவும் அவர்கள் உரிமை. ஹேட்ச் 2017 பிப்ரவரியில் கணையப் புற்றுநோயால் காலமானபோது இரு தரப்பும் தங்கள் ஆளை இழந்ததாகவே அஞ்சலி செலுத்தினார்கள்.

பிளவு அத்தோடு தீர்ந்துவிடவில்லை. 2009 மார்ச் 20 அன்று வந்த இறுதிப் பகுதி புதிய ரசிகர்களையே இரண்டாக்கியது. கப்பல்களைச் சூரியனை நோக்கி அனுப்பிவிட்டு, ஒன்றரை லட்சம் ஆண்டுக்கு முந்தைய நம் பூமியில் அவர்கள் எளிய வாழ்க்கை தொடங்குகிறார்கள். ஸ்டார்பக் விளக்கமேதும் இல்லாமல் மறைந்துபோகிறாள். இயல்பாக எடுக்கிறேன் என்று சொன்னவர் கடைசியில் தெய்வச் செயல் என்று கையை விரித்துவிட்டார் என ஒரு தரப்பு இன்றுவரை ஆறாமல் இருக்கிறது. இதற்குத்தான் முதலிலிருந்தே பிரார்த்தனையும் தீர்க்கதரிசனமும் கதையில் இருந்தன என்கிறது மறு தரப்பு. நான் இரண்டாவது தரப்பு. கப்பல்கள் சூரியனை நோக்கிப் போகும்போது மீண்டும் அந்தப் பழைய முகப்பு இசை வருகிறது, அங்கே எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

2019இல் சாம் எஸ்மெயில் இன்னொரு கேலக்டிகா எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. மூர் எடுத்ததை மறுபடி எடுக்க மாட்டேன், அதே உலகத்தில் வேறு கதை சொல்வேன் என்று அவர் முதல் நாளே வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த முறை அந்த வாக்கைக் கேட்டு வாங்கியவர்கள் 2003 தொடரின் ரசிகர்கள். 2024இல் பீகாக் தளம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

(அடுத்த வாரம்: 1989இல் நின்று 2005இல் திரும்பிய பிபிசியின் ‘டாக்டர் ஹூ’)