காருக்குக் கண் பரிசோதனை!

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் அங்கே ‘கண்ணாடிக் கிணறு’ என்று ஒன்று இருப்பதையும் பார்த்திருப்பீர்கள். பெருமாளுக்கென்று தந்தை கட்டி வைத்த மாலையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, “பொருத்தமாக இருக்கிறதா?” என்று கோதை அழகு பார்த்த கிணறு அது என்பார்கள். நான் சொல்ல வந்தது வேறொரு கண்ணாடியின் கதை. அதில் முகம் பார்க்க முடியாது. ஆனால் அது சரியாக இல்லாவிட்டால் முகத்துக்கே ஆபத்து!

ஆடிப்பூரத் தேருக்கு முதல் நாள். ராஜபாளையத்தில் இருக்கும் என் அக்காளும் அத்தானும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தார்கள். தரிசனம் ஆயிற்று, பால்கோவாவும் வாங்கி ஆயிற்று. வீட்டுக்குத் திரும்ப சுமார் 12 கிலோமீட்டர்தான். கார் அத்தான் புதிதாக வாங்கியது. சீமைப் பெயர் கொண்ட மின்சாரக் கார். விலையைச் சொன்னால் உங்களுக்குப் பொறாமை வரும்; ஆகையால் சொல்லவில்லை. புறப்பட்டதும் தெரியாது, நின்றதும் தெரியாது. அத்தனை நிசப்தம்!

எங்களுக்கு முன்னால் ஒரு ஜல்லி லாரி, மேலே தார்ப்பாய் கூட மூடாமல், குலுங்கிக் குலுங்கிப் போய்க்கொண்டிருந்தது. ‘டக்!’ என்று ஒரு சத்தம். முன் கண்ணாடியில் மிளகளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

“ஒன்றுமில்லை, சின்னப் புள்ளிதான்” என்றார் அத்தான்.

மறுநாள் மத்தியானம் வரை அது சின்னப் புள்ளியாகத்தான் இருந்தது. வெயிலில் நிறுத்தியிருந்த காரில் ஏறி, குளிர்சாதனத்தை முழு வேகத்தில் வைத்தார் அத்தான். கொதிக்கும் கண்ணாடியில் உள்பக்கம் மட்டும் குளிர் பட்டால் என்ன ஆகும்? வெந்நீர் ஊற்றிய கண்ணாடித் தம்ளருக்கு ஆகிற கதிதான். புள்ளியிலிருந்து ஒரு கோடு கிளம்பி, எங்கள் கண் முன்னாலேயே ஊர்ந்து ஊர்ந்து மறு ஓரம் வரை போய்ச் சேர்ந்தது!

அன்று மாலையே அந்தப் புள்ளியின் மேல் தூசியும் தண்ணீரும் புகாதபடி ஒரு துண்டு டேப்பை ஒட்டி, மறுநாள் கண்ணாடிக்காரரிடம் காட்டியிருந்தால் கதை வேறு. ஒரு ரூபாய் நாணயத்துக்கு உட்பட்ட சிறு காயமாக இருந்து, ஓட்டுகிறவரின் பார்வைக்கு நேராகவோ கேமராவுக்கு முன்னாலோ இல்லாமல் இருந்தால், அதற்குள் பிசின் போன்ற ஒரு திரவத்தைச் செலுத்திப் புற ஊதா விளக்கால் இறுக வைத்துவிடலாம். சிறிய வேலை, சிறிய செலவு. இப்போதோ முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டியதாயிற்று.

வெறும் கண்ணாடி இல்லை, அம்மணி!

“ஒரு கண்ணாடிக்கா இத்தனை ரகளை?” என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

காரின் முன் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அல்ல. போளிக்கு நடுவே பூரணம் வைக்கிற மாதிரி, இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பிளாஸ்டிக் ஏடு ஒன்று இருக்கிறது. கண்ணாடி உடைந்தாலும் துண்டுகள் அந்த ஏட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும், மேலே தெறிக்காது. பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடிகள் வேறு ஜாதி. அவை உடைந்தால் கற்கண்டு மாதிரி சிறு சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும்.

இந்த யோசனை பிறந்ததே கை தவறுதலால்தான். 1903-ல் பிரெஞ்சு ரசாயன நிபுணர் எதுவார் பெனதிக்துஸ் தம் ஆராய்ச்சிச் சாலையில் ஒரு கண்ணாடிக் குடுவையைக் கீழே போட்டுவிட்டாராம். குடுவை விரிசல் விட்டதே தவிர, சிதறவில்லை! உள்ளே இருந்த திரவம் காய்ந்து, ஏடாகப் படிந்து, துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. பிறகு மோட்டார் விபத்தில் கண்ணாடி கிழித்துக் காயப்பட்ட செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது அந்தக் குடுவை அவருக்கு ஞாபகம் வந்தது என்பார்கள். 1909-ல் காப்புரிமையும் பெற்றுவிட்டார்.

இப்போது கண்ணாடி நம் ஊர்ச் சரக்காகவும் ஆகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் கம்பெனியின் கண்ணாடித் தொழிற்சாலை 2000-லிருந்து நடக்கிறது. ராமானுஜரை ஆண்டாள் ‘அண்ணா’ என்று அழைத்ததாக ஐதிகம் உண்டு அல்லவா? தங்கை ஊரில் கண்ணாடிக் கிணறு. அண்ணா பிறந்த ஊரில் கண்ணாடித் தொழிற்சாலை! சென்னைக்கு அருகே 2007 முதல் கார் செய்துவரும் பி.எம்.டபிள்யூ. கம்பெனி, 2025-ல் மின்சாரக் காரையும் அங்கேயே பூட்டத் தொடங்கிவிட்டது.

மின்சாரக் காரின் கண்ணாடிக்கு மட்டும் ஏன் தனிக் கவனம்? இஞ்சின் சத்தம் இல்லாததால் காற்றின் இரைச்சல் காதில் விழும். அதைத் தடுக்க நடு ஏட்டையே சத்தம் அடக்கும் விதமாகச் செய்கிறார்கள். உள்ளே வெப்பம் ஏறினால் குளிர்சாதனம் பாட்டரியைக் குடிக்கும். பாட்டரி குறைந்தால் ஓடும் தூரம் குறையும். ஆகவே, வெயிலின் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சு சில கார்களில் உண்டு. ஓட்டுகிறவர் குனியாமலே வேகத்தைப் பார்க்கும்படி கண்ணாடியிலேயே எண்கள் தெரிகிற கார்களில், நடு ஏடு ஒரு பக்கம் சற்றுத் தடித்திருக்கும். அந்த இடத்தில் சாதாரணக் கண்ணாடியைப் போட்டால் ஒவ்வோர் எண்ணும் இரண்டிரண்டாகத் தெரியும்!

இவற்றையெல்லாம் விட முக்கியமானது, உள்கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கேமரா. அதுதான் காரின் கண்.

அக்காள் கண்ட அதிசயம்

அந்தக் கண்ணின் மகிமையை என் அக்காள் நேரிலே கண்டவள். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுகிறவள் அவள்தான். ஒருநாள் தெருவோரம் நின்ற வானுக்குப் பின்னாலிருந்து ஒரு பையன் பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே பாய்ந்துவிட்டான். அக்காளின் கால் பிரேக்கைத் தேடிப் போவதற்குள் காரே பிரேக் போட்டு நின்றுவிட்டது. பையனுக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு கோலம் போடுகிற இடம் கூட இல்லை.

“அன்றிலிருந்து அந்தக் கார் என்றால் எனக்கு ஒரு தைரியம்” என்பாள் அக்காள்.

கவனியுங்கள், இந்தத் தைரியத்தில்தான் விஷயம் இருக்கிறது.

கண்ணாடி உடைந்த செய்தி பரவியதும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். “இதே அளவில் கண்ணாடி நான் கொண்டுவந்து மாட்டுகிறேன், ஒரே நாள் வேலை” என்றார் தெரிந்த ஒருவர். காரை விற்ற இடத்திலோ, “சரியான கண்ணாடி வரச் சில நாளாகும், மாட்டிய பிறகு கேமராவைச் சரி பார்க்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம்” என்றார்கள்.

அத்தானுக்கு அவசரம். அவருடைய தாயாருக்கு மதுரையில் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை மறு பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

“கண்ணாடியை இப்போது போட்டுவிடுவோம். கேமராவை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். கார் ஓடாதா என்ன?” என்றார் அத்தான்.

ஓடும். அதுதான் அபாயம்! கேமரா தன் இடத்திலிருந்து ஒரே ஒரு பாகை திரும்பியிருந்தாலும், 50 மீட்டருக்கு அப்பால் அது பார்க்கிற இடம் ஏறக்குறைய 87 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். கிட்டத்தட்ட இரண்டு முழம்! ரோட்டு ஓரத்தில் நிற்கிற பையனை நடு ரோட்டில் நிற்பதாகவும், நடு ரோட்டில் நிற்கிறவனை ஓரத்தில் நிற்பதாகவும் அது எண்ணிக்கொள்ளலாம். காரோ பளபளவென்று புதுக் கண்ணாடியுடன் வழக்கம் போல் ஓடும். ‘அது பார்த்துக்கொள்ளும்’ என்று அக்காளும் வழக்கம் போல் நம்பியிருப்பாள்.

இந்தச் சமயத்தில்தான் கறுப்புக் கண்ணாடி அணிந்து ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த பெரியம்மாள் வாயைத் திறந்தார்.

“ஏண்டா, எனக்குக் கட்டு அவிழ்த்ததும் டாக்டர் சும்மாவா அனுப்பினார்? எழுத்துப் பலகையை மாட்டி, ‘படியுங்கள் அம்மா’ என்று சொல்லி, பார்வை சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதானே அனுப்பினார்? உன் காருக்கு மட்டும் அது வேண்டாமா? நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன். நீ முதலில் அதற்கு வைத்தியம் பார்!”

அத்தான் அதற்கு மேல் பேசவில்லை. வெள்ளிக்கிழமை பெரியம்மாளும் அக்காளும் மதுரை பஸ்ஸில் ஏறினார்கள். கார் ஒரு லாரியின் முதுகில் ஏறி ஒர்க்‌ஷாப்புக்குப் போயிற்று.

ஒர்க்‌ஷாப்பில் பார்த்தது

கண்ணாடி வந்து சேர்ந்ததும் வேடிக்கை பார்க்க நானும் போனேன். பழைய கண்ணாடியைத் தட்டி உடைத்து எடுப்பார்கள் என்று எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. மெல்லிய கம்பியை ஓரத்தில் செலுத்தி, வெண்ணெயை நூலால் அறுப்பது போல் பசையை அறுத்தார்கள். சட்டத்தில் சிறு கீறல் கூட விழாமல் பார்த்துக்கொண்டார்கள்; கீறினால் துருப் பிடிக்கும், துருவில் பசை ஒட்டாது. பிறகு பழைய பசையை மெல்லிய படலமாகச் சீவி விட்டு, புதுப் பசையைப் பிழிந்துகொண்டே சுற்றி வந்தார்கள். முறுக்கு பிழிகிற கை தோற்றது போங்கள்! இரண்டு பேர் உறிஞ்சு பிடிகளால் கண்ணாடியைத் தூக்கி, ஒரே தடவையில் இடத்தில் வைத்தார்கள்.

கண்ணாடியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கரையும், அதன் விளிம்பில் புள்ளிகளும் பார்த்திருப்பீர்கள். புடவைக் கரை மாதிரி அழகுக்கு என்று நினைத்திருந்தேன். அந்தக் கறுப்புப் பூச்சுதான், அடியில் இருக்கும் பசையை வெயில் தின்றுவிடாமல் காக்கிறதாம்!

ஒட்டியதும் சாவியைக் கொடுத்துவிடவில்லை. பசை இறுக நேரம் வேண்டும். எத்தனை மணி என்பது பசையையும் அன்றைய சீதோஷ்ணத்தையும் பொறுத்தது. விபத்தில் முன் ஆசனத்துக் காற்றுப் பை வெடித்து விரியும்போது, பல கார்களில் அது இந்தக் கண்ணாடியில் முட்டித்தான் உட்கார்ந்திருப்பவர் பக்கம் திரும்புகிறது. பசை இறுகாமல் கண்ணாடி பெயர்ந்து போனால் பையும் வெளியே போய்விடும். அந்த ஆசனத்தில் பெரும்பாலும் உட்காருகிறவர் யார்? நீங்கள்தானே!

கடைசியில் கண் பரிசோதனை. சமதளமான தரையில் காரை நிறுத்தினார்கள். சக்கரத்தில் காற்று சரியா என்று பார்த்தார்கள். முன்னால், அளந்து வைத்த தூரத்தில், கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பலகை. கார் அதைப் ‘படித்தது’. பெரியம்மாள் சொன்ன எழுத்துப் பலகையேதான்! சில கார்களுக்குப் பலகை தேவையில்லை. கோடு தெளிவாக உள்ள சாலையில் ஓட்டினால் தாமே சரி செய்துகொள்ளும். சிலவற்றுக்கு இரண்டும் வேண்டும். பரிசோதனை முடிந்ததும், சரியாகிவிட்டது என்று அச்சடித்த சீட்டு ஒன்று கொடுத்தார்கள்.

உங்கள் கவனத்துக்கு

“எங்கள் வீட்டில் அவ்வளவு பெரிய கார் இல்லையே!” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நடுத்தர விலையில் வரும் பெட்ரோல் கார்களில்கூட இப்போது இந்தக் கேமரா வந்துவிட்டது. ஆகையால், சில குறிப்புகள்:

ஜல்லி லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போக வேண்டாம் என்று ஓட்டுகிறவரிடம் சொல்லுங்கள். கல் பட்டுவிட்டால் அன்றே டேப் ஒட்டி, குளிர்சாதனத்தை மெல்ல வையுங்கள். சுடுகிற கண்ணாடியில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கண்ணாடி மாற்றும்போது, கேமரா, மழை உணரும் கருவி, சத்தம் அடக்கும் ஏடு ஆகியவற்றில் உங்கள் காருக்கு எவை உண்டோ அவற்றுக்கு ஏற்ற கண்ணாடிதானா என்று கேளுங்கள். அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது. வெயிலுக்கு என்று கறுப்புக் காகிதம் ஒட்டவும் வேண்டாம்; முன் கண்ணாடி வழியே 70 சதவிகித வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம்.

இன்ஷூரன்ஸ் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மூன்றாம் நபருக்கு மட்டுமான பாலிஸி இதற்கு உதவாது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்திருந்தால், கண்ணாடிக்குத் தேய்மானம் என்று எதையும் கழிப்பதில்லை. ஆனால் ஒரு சிறு தொகையை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும். நஷ்ட ஈடு கேட்காத வருஷங்களுக்காகக் கிடைத்து வந்த தள்ளுபடியும் போகலாம். கேமராவைச் சரி பார்க்கும் கட்டணம் அதில் சேருமா என்பதை முன்னாலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வண்டி திரும்பி வந்ததும் முதல் இரண்டு நாள் கதவை ஓங்கிச் சாத்தாதீர்கள். பீய்ச்சித் தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள். ஒட்டிய டேப்பை அவர்கள் சொன்ன நாள் வரை பிய்க்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “கேமராவைச் சரி பார்த்தீர்களா? சீட்டு எங்கே?”

மறு வாரம் காரில் ஏறும்போது பெரியம்மாளும் அதைத்தான் கேட்டார். அக்காள் சீட்டை எடுத்துக் காட்டினாள். பெரியம்மாள் அதைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், தள்ளி வைத்து, மறுபடியும் கொண்டுவந்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“சரி, எனக்கும் தெரிகிறது, அதற்கும் தெரிகிறது. இனிப் போகலாம்!” என்றார்.